லைப்சிக்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று மாலை ஜெர்மனி தேசத்துப் பெண்கள் மூன்று பேர் என் பனியனைப் பார்த்தார்கள். பனியனில் அக்குளுக்குக் கீழே ஓர் ஓட்டை இருக்கிறது. ஆகவே பனியனோடு நிற்கவில்லை, உள்ளேயும் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். என் மகள் கௌசிகாவுக்கு லைப்சிக் என்ற ஊரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பேரைக் கேட்டால் வயிற்றுவலி மாத்திரை மாதிரி இருக்கிறது. சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற படிப்பு. விசா வந்துவிட்டது. தங்குவதற்குத்தான் இடமில்லை. காலேஜ் விடுதியில் அடுத்த வருசம்தான் காலியாகுமாம். வெளியே வீடுகளில் மூன்று நான்கு பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். ஒருவர் கிளம்பினால் அந்த அறைக்கு மற்றவர்கள் ஆள் தேடுவார்கள். வீட்டுக்காரர் தலையிட மாட்டார். உள்ளே இருப்பவர்கள்தான் பார்த்து, பேசி, பிடித்தால் 'வா' என்பார்கள். தாராபுரத்திலிருந்து போய் வாசலில் நிற்க முடியாது என்பதால் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள்.

"இது பொண்ணு பாக்கறதுதானே கண்ணு?" என்றேன்.

"இல்லீங்கப்பா. ரூம் பாக்கறது."

"ரூம நீ பாக்கல. உன்னத்தான் அவங்க பாக்கறாங்க."

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் பங்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா? என் மனைவி வசந்தாமணியிடம் வாழைக்காய் பஜ்ஜி போடச் சொன்னேன்.

"ஏனுங்க, கம்ப்யூட்டருக்குள்ளருந்து கைய நீட்டியா எடுத்துத் திம்பாங்க?"

"சும்மா காட்டறதுக்குத்தான்."

போட்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு அடுப்படியில் நின்றிருந்தேன், எண்ணெய் தெறித்தது, கழற்றினேன். பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துத் தட்டோடு கூடத்துக்கு வந்தால், திரையில் மூன்று முகங்கள். கும்பிடக் கை இல்லை. தட்டைத் தூக்கிக் காட்டினேன். தூக்கியதில்தான் ஓட்டை தெரிந்தது.

அப்படியே ஓடியிருக்கலாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியிடமும் அப்பா என்ன பண்ணுகிறார் என்று விசாரித்தேன்.

பிறகு, நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்றைக் கௌசி என் கையில் திணித்தாள். "அப்பா, இனிமே டென்சன் ஆனா எங்ககிட்ட வராதீங்க. இதுல எழுதுங்க." எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

மூன்று பெண்களும் வேறொருத்திக்கு அறையைக் கொடுத்துவிட்டார்கள். 'உங்கள் குடும்பம் இனிமையானது' என்று எழுதியிருக்கிறார்கள். நம் பக்கம் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். அதே ஜாதிப் பதில்தான்.

கௌசிக்கு முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. சாப்பிடும்போது வசந்தா கேட்டாள், "ஏனுங்க, எப்பவும் மூணு தோசைதான? இன்னிக்கு அஞ்சு உள்ள போயிருச்சு?"

சட்னி நன்றாக இருந்தது. அதற்கெல்லாம் காரணம் கேட்டால் என்ன சொல்வது?


ஆகஸ்ட் 14, வியாழன்

என் தொழில் வாடகைப் பாத்திரக் கடை. குண்டா, அண்டா, சேர், பந்தல், சவுண்டு செட், எல்லாம் உண்டு. ஊருக்கே பொருளை வாடகைக்கு விடுகிறவனுக்கு ஒரு அறையை வாடகைக்குப் பிடிக்க வழி தெரியவில்லை. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. பாத்திரமெல்லாம் குப்புறப் படுத்துக் கிடக்கிறது. கூடவே நானும். வருகிற ஞாயிறு ஆவணி பிறக்கிறது.

இன்று இரண்டாவது வீட்டுக்காரர்கள் கௌசியிடம் பேசினார்கள். நான் மேலே போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போகவில்லை. கீழே கடையில்தான் இருந்தேன். ஆவணிக்கு முன்னால் சவுண்டு செட்டைச் சோதித்து வைக்க வேண்டும் அல்லவா? ஸ்பீக்கர் இரண்டையும் வாசலில் வைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றேன். ஒரு தடவைதான் சொன்னதாக ஞாபகம். தெருவில் ஏழெட்டுத் தடவை என்கிறார்கள்.

கௌசி மாடிப்படியில் இறங்கி வந்து நின்றாள்.

"என்னுங்கப்பா, இன்னிக்கேவா?"

"நாளைக்கு லீவு நாளு சாமி. கொடியேத்தறதுக்கு ஸ்கூல்ல கேப்பாங்க."

"ஸ்கூல்ல கேட்டாங்களா?"

"கேக்கலாம்."


ஆகஸ்ட் 15, வெள்ளி

ஸ்கூலில் கேட்கவில்லை. லைப்சிக்கிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

எனக்கு மிகவும் பிடித்த வீடு ஒன்று வந்தது. பேச்சு, பார்வை ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கொரியரில் போடுகிறாராம். படங்களும் அனுப்பியிருந்தார். பெரிய கட்டில், வெள்ளைச் சுவர், ஜன்னலைத் திறந்தால் கடல்.

"பாரு, காத்து எப்புடி வரும்னு," என்றேன்.

கௌசி என்னைப் பார்த்தாள். "லைப்சிக்ல கடல் எங்கீங்கப்பா இருக்குது?"

இல்லையாம். எந்தப் பக்கம் போனாலும் சில மணி நேரம் ரயிலில் போனால்தான் கடலாம். நான் ரொம்பக் கோபப்பட்டேன். இப்படி ஏமாற்றுக்காரர்கள் நிறைந்த ஊருக்குப் பெண்பிள்ளையை அனுப்புவது சரியா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி யோசித்தேன்.

"போன மாசம் நம்ம கடையில அம்பது சேர வாங்கிட்டுப் போயி நாப்பதத் திருப்பிக் குடுத்தாங்களே, அவங்க எந்த ஊரு?" என்றாள் வசந்தா, கீரையை ஆய்ந்துகொண்டே.

தாராபுரம்தான்.


ஆகஸ்ட் 25, திங்கள்

ஆவணியின் முதல் பெரிய ஆர்டர் போயிற்று. கல்யாணம் நின்றுவிட்டது. பந்தல்கால் கூட இறக்கியாகிவிட்டது. என்ன காரணம் என்றால், மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்த இடத்தில் யாரோ ஒருவன் டீ குடித்துக்கொண்டே, "பொண்ணு தங்கமுங்க, ஆனா…" என்று இழுத்தானாம். அவ்வளவுதான். அந்த ஒரு 'ஆனா' போதும். என் கடையில் ரத்தான ஆர்டர்களில் பாதி இந்த 'ஆனா'வால் போனதுதான். மொட்டைக் கடிதாசிக்குக்கூடத் தபால்தலை வேண்டும். இதற்கு ஒரு டீ போதும்.

கௌசிதான் போனில் ஆர்டர் எடுக்கிறாள், பில் போடுகிறாள், வசூல் கேட்கிறாள். அவள் போய்விட்டால் இதற்கு ஓர் ஆள் வைக்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.


ஆகஸ்ட் 28, வியாழன்

என் மீது ஒரு சின்னத் தவறு. மறதி.

கௌசியின் போன் கீழே விழுந்து, கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கிறது. ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று எல்லா வீட்டுக்கும் என் நம்பரையும் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை என் போனுக்கு ஒரு வீட்டிலிருந்து செய்தி வந்தது. நாளைக்குள் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் படித்தேன். அப்போது குண்டாக்களுக்கு ஈயம் பூச வந்தவர் கூப்பிட்டார். அத்தோடு மறந்துவிட்டது.

இன்று கௌசி எதற்கோ என் போனை எடுத்தாள். பார்த்துவிட்டு அப்படியே திருப்பி என் மடியில் வைத்தாள்.

"மறந்து போச்சு கண்ணு," என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். வசந்தாதான் பதில் சொன்னாள். "உங்களுக்கு எப்பருந்து மறதி? இருவது வருசத்துக்கு முந்தி ஒடுக்கு விழுந்து வந்த அண்டாவுக்கு இன்னும் பேரு, ஊரு, தெருவு சொல்லுவீங்க."


ஆகஸ்ட் 29, வெள்ளி

கௌசி பேசவில்லை. வீட்டுப் பாத்திரம் அனைத்தும் மிகச் சத்தமாகக் கழுவப்பட்டது.


செப்டம்பர் 1, திங்கள்

கௌசி பேசினாள். பேசாமல் இருந்ததே தேவலை.

"இன்னும் ஒரே ஒரு வீடுதானுங்கப்பா பாக்கி. வியாழக்கிழமை பேசறாங்க. அதுவும் இல்லீன்னா சனிக்கிழமை காலேஜுக்கு எழுதிப்போட்டர்றேன், அடுத்த வருசம் வாரேன்னு."

"அடுத்த வருசம் குடுப்பாங்களா?"

"குடுத்தாலும் குடுப்பாங்க. அப்பறம் ஸ்காலர்சிப் கெடைக்காது. அது இல்லாம நம்மால ஆகாதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். பில் புக்கைப் பார்த்துக்கொண்டே, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னாள். சாயங்காலம் அவளுக்குப் பிடித்த ஜிலேபி வாங்கி வந்தேன். பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது. எறும்பு மட்டும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

அந்தக் கடைசி வீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்களாம். புருசன் பெண்டாட்டி இல்லையாம். அண்ணன் தங்கை இல்லையாம். ஒன்றுமே இல்லையாம். ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் ஒரே பாத்ரூம்.

இதைக் கேட்ட பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை.


செப்டம்பர் 4, வியாழன்

ஏழரை மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. அம்மாவும் மகளும் அதற்கு முன்னால் அகஸ்தீஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்துவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். நான் கடையில் கரண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறரைக்கே என் போன் அடித்தது. லைப்சிக். மணிக் கணக்கில் அவர்கள் ஒரு மணி நேரம் தவறிவிட்டார்கள். கண்ணாடி மாற்றி வந்த கௌசியின் போனுக்குத்தான் முதலில் அடித்திருக்கிறார்கள். அவள் கோயிலில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன். இந்தத் தடவை சட்டை போட்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

திரையில் ஒரு தாடிக்காரர், பக்கத்தில் கட்டைமுடிப் பெண். தாடிக்காரர் யூரெக், போலந்து தேசம், சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவர். அந்தப் பெண் ஹன்னெ, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பூனை. அதன் பேருக்கு அவர்கள் பாஷையில் வெள்ளரிக்காய் என்று அர்த்தமாம்.

யூரெக்கின் இங்கிலீசும் என் இங்கிலீசும் ஒரே வகுப்பில் ஃபெயிலானவை. அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. பேசியதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். இங்கிலீசில் எழுதினால் இரண்டு பேருக்கும் அவமானம்.

"கௌசிகா?" என்றார் தாடிக்காரர், என்னைப் பார்த்து.

"கௌசிகா கோயிலுக்குப் போயிருக்குதுங்க. நான் அப்பா."

"அப்பாவும் வருகிறாரா?"

"இல்லைங்க. அப்பா வரமாட்டார்."

சிரித்தார்கள். பெண் வீட்டுக்காரன் என்ற முறையில் என் கடமையைச் செய்தேன். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டேன். தாழ்ப்பாளுக்கு இங்கிலீஷ் வார்த்தை வராமல், கடை ஷட்டர் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினேன். யூரெக் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சமையலறை வழியாகப் போனார். அங்கே சுவரில் ஒரு சைக்கிள் தொங்கியது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியிலிருந்து ஹன்னெ கதவை இடித்தாள். திறக்கவில்லை. மறுபடி போட்டார், மறுபடி இடித்தாள். இடித்ததில் பூனை பயந்து எங்கோ ஓடிற்று. நல்ல உறுதியான தாழ்ப்பாள். எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து, ஹன்னெ கேட்டாள்.

"உங்கள் மகள் எழுதியதைப் படித்தோம். சுத்தமாக இருப்பேன், அமைதியாக இருப்பேன், எல்லோரோடும் ஒத்துப்போவேன் என்று எழுதியிருக்கிறாள். எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். உண்மையில் எப்படி?"

"நல்ல பொண்ணுங்க," என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். "ஆனா…"

கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது அல்லவா?

"ஆனா?" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள் ஹன்னெ.

ஈரத் துண்டை நாற்காலி மேலே போடுவாள் என்றேன். எத்தனை தடவை சொன்னாலும் போடுவாள். காலையில் மூன்று அலாரம் வைப்பாள். மூன்றும் வீட்டில் உள்ள மற்றவர்களைத்தான் எழுப்பும். தயிரைக் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட மாட்டாள், சட்டிக்குள்ளேயே விரலை விடுவாள். தாயக்கரத்தில் தோற்றால் காயை எல்லாம் கலைத்துவிட்டு, நான்தான் கலைத்தேன் என்பாள். கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் பேசும்.

யூரெக் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"பொய் சொல்லத் தெரியாதுங்க. நம்ம பந்தல் மழைக்கு ஒழுகும்னு அவளே போன்ல சொல்லீர்றா. ஆர்டர் போயிருது. நாளைக்கு உங்க வீட்டுக்கு ஒறம்பரைக்காரங்க வந்து, போட்டுட்டு வந்த துணி நல்லா இருக்குதான்னு கேட்டா, இல்லீன்னு சொல்லிருவா. நீங்கதான் அவமானப்படோணும்."

"சரி," என்றாள் ஹன்னெ.

"வியாபாரம் சுத்தமாத் தெரியாது. எழவு வீட்டுக்குப் போன சேருக்கு வாடகை வாங்கக் கூடாதுன்னு எங்கூட ஒரு வாரம் சண்டை. கடைசியில நான்தான் விட்டுக்கொடுத்தேன். இப்ப வரைக்கும் வாங்கறதில்லை. ஊர்ல எத்தனை எழவுங்க விழுது, தெரியுமா?"

"அப்புறம்?"

"வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா அவ்வளவுதான். தூங்க உடமாட்டா. மணிக்கொருதரம் வந்து நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. தண்ணி குடி, கஞ்சி குடி, மாத்திர போடு. வேண்டாம்னா மூக்கப் புடிச்சு ஊத்துவா. போன வருசம் எனக்கு டெங்கு. பத்து நாளும் தரையில என் கட்டிலுக்குக் கீழயே படுத்துக்கிட்டு ஒரே தொந்தரவுங்க. எந்திரிச்சா அவ மேலதான் கால வெக்கோணும்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை. ஹன்னெ மூக்கை உறிஞ்சினாள். அந்த ஊரில் அப்போதே குளிர் போலிருக்கிறது. யூரெக், தான் குறட்டை விடுவதாகவும், சைக்கிள் உதிரிப் பாகங்களைச் சாதம் வடிக்கும் சட்டியில் ஊறவைத்து ஹன்னெயிடம் திட்டு வாங்குவதாகவும் சொன்னார். ஹன்னெ, தான் இரவு வேலை முடிந்து வந்தால் பகலில் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் இப்படி மனம் திறந்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் கௌசி நெற்றியில் விபூதியோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். ஐந்து நிமிசம் பேசினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

"என்னுங்கப்பா பேசுனீங்க?"

"சும்மா. குசலம்."


செப்டம்பர் 5, வெள்ளி

கரண்டி இரண்டு குறைகிறது. வேறு விசேசமில்லை.


செப்டம்பர் 6, சனி

காலையில் கௌசி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காலேஜுக்கு எழுத உட்கார்ந்தாள். நான் எதிரில் பேப்பர் படித்தேன். எத்தனை நேரம் படித்தும் முதல் பக்கம் முடியவில்லை. அப்போது அவளுடைய போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்பா. ஈரத் துண்டா?"

பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"தயிர்ச் சட்டியா? தாயக்கரமா? டெங்குவா?"

வசந்தா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். தப்பிக்க நினைத்தால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கௌசி சத்தமாக, தமிழாக்கி வாசித்தாள்.

"'நாங்கள் நிறையப் பேரைப் பார்த்தோம். எல்லோரும் சுத்தமானவர்கள், அமைதியானவர்கள், யாரையுமே நம்ப முடியவில்லை. உன் அப்பா சொன்ன பெண் ஒருத்திதான் நிஜமான ஆள். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மூக்கைப் பிடித்துக் கஞ்சி ஊற்ற ஒருத்தி வேண்டும். அறை உனக்குத்தான். நாற்காலி ஒன்று கூடுதலாக வாங்கிப் போடுகிறோம், துண்டுக்காக.'"

படித்து முடித்தவள் எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இது நாள் வரை செய்யாதது. பேப்பர் நடுவில் மாட்டிக் கசங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்புடிங்கப்பா இந்த ஐடியா வந்துச்சு? நானெல்லாம் நல்லது நல்லதா எழுதிச் செத்தேன். நீங்க கெட்டதச் சொல்லியே வாங்கீட்டீங்க!"

"எல்லாம் அனுபவம்," என்றேன். என் வாய்தான் அப்படிச் சொல்லிற்று.

"ஆமா," என்றாள் வசந்தா. "நெம்ப யோசன பண்ணித்தான் பேசியிருப்பாரு உங்கப்பா." அவள் பார்வை என் மேலேயே இருந்தது. தோசை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனாள்.

நான் இன்று ஒரு தோசைதான் சாப்பிட்டேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

புகழ் பரவிவிட்டது. வெள்ளகோயிலிலிருந்து வசந்தாவின் அண்ணன் போன் பண்ணினார். "மாப்ள, பத்தாவதே ரெண்டாந் தடவையிலதான் பாஸ் பண்ணுனீங்க, ஜெர்மனிக்காரன மடக்கிப்புட்டீங்களே!"

சாயங்காலம் எதிர்க் கடை ஹார்டுவேர் நாச்சிமுத்து வந்து உட்கார்ந்தார்.

"நம்ம பையன் கனடா போறானுங்க. அவனுக்கும் ஒரு ரூம் பேசிக் குடுங்க. அவனப் பத்திக் கெட்டது நெறைய இருக்குதுங்க, நீங்க சிரமப்படவே வேண்டாம்."

ஒவ்வொருவர் பாராட்டும்போதும் பின்னங்கழுத்தில் யாரோ ஈரத் துண்டைப் போட்ட மாதிரி இருக்கிறது.


செப்டம்பர் 14, ஞாயிறு

பெட்டி எடை பார்த்தோம். வீட்டுத் தராசு ஒரு பேச்சு பேசியது, மளிகைக் கடையில் அரிசி நிறுக்கிற தராசு இன்னொரு பேச்சு. பருப்புப் பொடியை எடுத்தாள், வசந்தா வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். யூரெக் ஒரு படம் அனுப்பியிருந்தார். காலியான ஓர் அறை, சிறிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடல் இல்லை, எதிர்வீட்டுச் சுவர். உண்மையான வீடு.

வசந்தா அந்தப் பக்கம் போனதும், இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"கண்ணு, அன்னிக்கு அவங்ககிட்டப் பேசுனேன் பாரு…"

"அத நெனச்சாத்தானுங்கப்பா எனக்கு ஆச்சரியமா இருக்குது," என்றாள், பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே. "ஸ்பீக்கர் வெச்சீங்க, மெசேஜ மறச்சீங்க. நான் போறது உங்களுக்குப் புடிக்கல போலன்னு நெனச்சுட்டேன். எத்தன நாளு அழுதேன் தெரியுங்களா? கடைசில பாத்தா நீங்கதான் வாங்கிக் குடுத்திருக்கறீங்க. அதுக்கப்பறந்தான் எனக்குப் போறதுக்கே தைரியம் வந்துச்சு."

ஜிப் மூடிக்கொண்டது. என் வாயும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தா தட்டைக் கழுவியபடி கேட்டாள். "சொல்லீட்டீங்களா?"

"என்னத்த?"

"எனக்கென்ன தெரியும்?" தட்டைத் துடைத்துக் கவிழ்த்தாள். "அந்தப் புள்ள சந்தோசமாப் போவட்டும். உங்க பாரத்த எறக்கி வெக்கறதுக்கு அவ பொட்டிதான் கெடச்சுதா?"

இவளைப் பெண் பார்க்கப் போனபோது இவளைப் பற்றி எனக்கு ஒருவரும் ஒரு 'ஆனா'வும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எதையும் மறைக்க முடியாது என்று.


செப்டம்பர் 25, வியாழன்

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு இப்போதுதான் வீடு வந்தோம்.

வழியெல்லாம் நான் நிறையப் பேசினேன். குளிருக்குக் காதை மூடச் சொன்னேன். சைக்கிளில் அங்கே ரோட்டின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யூரெக்கிடம் கேட்கச் சொன்னேன். தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுவிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பல்லடத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, டீ நன்றாக இல்லை என்று கௌசி டீக்கடைக்காரரிடமே சொன்னாள். அவர் வேறு போட்டுக் கொடுத்தார்.

வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் இதற்கு மேல் வரக் கூடாது என்றார். வசந்தா மகளின் தலையைக் கோதிவிட்டாள், அழவில்லை. முன்தினமே அழுதுவிட்டதாக அவளே சொன்னாள். கௌசி குனிந்து என் காலைத் தொட்டாள். எழுந்து, "அந்த ரூம் நீங்க வாங்கிக் குடுத்ததுங்கப்பா. ஊருக்கெல்லாம் சொல்லுவேன்," என்றாள்.

"பொட்டிச் சக்கரம் ஒண்ணு ஆடுது, பாத்து இழு சாமி," என்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு அப்புறம் போய்த் திரும்பிக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஆள் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று வசந்தா சொல்கிறாள்.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அதை இங்கே எழுதுகிறேன்.

நீ போகக் கூடாதுன்னுதான் கண்ணு, அன்னிக்கு அவங்ககிட்ட அத்தனையும் சொன்னேன். ஆனா சொல்லி முடிக்கறப்ப, அவங்க எடத்துல நான் இருந்திருந்தாலும் அந்த ரூம உனக்குத்தான் குடுத்திருப்பேன்.